உங்க ஃபேன்டசி நாவலுக்கு மேப் வேணுமா? திருப்பத்தூர்ல பஸ் ஏறுங்க!

மொபைல் நோட்ஸில் பாதி எழுதி நிறுத்தின ஃபேன்டசி நாவல் ஒண்ணு உங்ககிட்ட இருக்கா? வெட்கப்பட வேண்டாம், நிறையப் பேரிடம் இருக்கிறது. முதல் அத்தியாயம் எப்படி ஆரம்பிக்கும் என்று நானே சொல்லிப் பார்க்கிறேன். பனி கொட்டுகிறது. பைன் மரக்காடு. கறுப்பு அங்கி போட்ட ஒருவன் குதிரையில் வருகிறான். தூரத்தில் ஒரு கோட்டை, அதற்கும் அப்பால் ஓநாய் ஊளை. பத்தாவது பக்கத்தில் கதை நின்றிருக்கும்.

நின்றதற்குக் கற்பனைப் பஞ்சம் காரணம் இல்லை. நாள் முழுக்கப் பனியில் நடந்தால் கால் என்ன ஆகும் என்று நமக்குத் தெரியாது. அந்த ஊர்ச் சத்திரத்தில் ராத்திரி என்ன சமைப்பார்கள், விறகு காய்ந்திருக்குமா, குதிரைக்கு என்ன போடுவார்கள், எதுவுமே தெரியாது. சீரிஸ் பார்த்துக் கிடைத்த ஊர் அது. பார்க்க நல்லா இருக்கும், ஆனால் அதில் வாசனை இல்லை, வழுக்கல் இல்லை, பசி இல்லை. அதனால் உங்கள் ஹீரோவுக்கு அங்கே செய்ய ஒரு வேலையும் இல்லாமல் போகிறது.

ஃபேன்டசியின் பெரிய வாத்தியார்கள் இதை எப்படிச் சமாளித்தார்கள்? நேரில் நடந்து பார்த்தார்கள். அவ்வளவுதான் ரகசியம்.

டோல்கீன் தப்பிப் பிழைத்த கல்

'லார்டு ஆஃப் த ரிங்ஸ்' எழுதிய ஜே.ஆர்.ஆர்.டோல்கீன், 1911-ல் பத்தொன்பது வயதுப் பையனாக சுவிட்சர்லாந்து மலைகளில் ஒரு குழுவோடு நடைப்பயணம் போனார். முதுகில் மூட்டை, இரவில் கிடைத்த இடத்தில் தூக்கம். ஒரு பனிப்பாறை ஓரம் நடந்துகொண்டிருந்தபோது, வெயிலில் பனி இளகி, மேலே சிக்கியிருந்த பாறைகள் உருண்டு பாய்ந்து வந்தன. ஒரு கல் அவரை மயிரிழையில் தவறவிட்டது. பல பத்தாண்டுகள் கழித்துத் தன் மகனுக்கு எழுதிய கடிதத்தில், 1937-ல் வந்த 'த ஹாபிட்' கதையில் பில்போ மூடுபனி மலையைக் கடக்கும் பயணமே அந்த 1911 நடையிலிருந்து வந்ததுதான் என்கிறார். எல்ஃப்கள் வாழும் ரிவெண்டெல் பள்ளத்தாக்கின் ஓவியத்தையும், செங்குத்துப் பாறைகளுக்கு நடுவே அருவி விழும் லாட்டர்புருன்னன் பள்ளத்தாக்கின் போட்டோவையும் பக்கத்தில் வைத்துப் பாருங்க, உங்களுக்கே புரியும்.

அவர் எடுத்துக்கொண்டது சீனரியை மட்டும் இல்லை என்பதைக் கவனியுங்கள். அந்த மலை தன்னை என்ன செய்ய முடியும் என்பதையும் சேர்த்தே எடுத்துக்கொண்டார். முதல் உலகப்போரில் பிரான்சின் சொம் போர்முனையில் நின்றவர் அவர். பிணங்கள் மிதக்கும் சதுப்புநிலம் ஒன்று அவர் கதையில் வரும். அதில் அந்தப் போர்க்களத்தின் சாயல் உண்டு என்றும் அவரே எழுதியிருக்கிறார்.

நம்ம பக்கம் வந்தால் கல்கி. 'பொன்னியின் செல்வன்' ஃபேன்டசி இல்லை, சரித்திர நாவல். ஆனால் வேலை செய்த விதம் இதேதான். ஓவியர் மணியத்தைக் கூட்டிக்கொண்டு இலங்கை வரை போய்ப் பார்த்துவிட்டு வந்தார். வீராணம் ஏரிக்கரையில் ஆடிப்பெருக்கு அன்று தொடங்கும் கதை, கோடிக்கரையின் சேற்றுக்கு வரும்போது படிப்பவர் காலே புதைகிற மாதிரி இருக்கும். இன்னும் கிட்டத்தில், 1997-ல் வெளியான ஜெயமோகனின் 'விஷ்ணுபுரம்'. அந்த ஊர் எந்த மேப்பிலும் கிடையாது. ஆனால் மூன்று வாசல்கள் வழியாகத் துண்டு துண்டாகத்தான் பார்க்கமுடிகிற அந்தப் படுத்த பெருமாளை, குமரி மாவட்டம் திருவட்டாறு ஆதிகேசவப் பெருமாள் கோயிலுக்குப் போனால் நீங்களும் பார்க்கலாம். நாவலின் விதைகளில் ஒன்று அங்கே விழுந்தது என்று அவரே எழுதியிருக்கிறார்.

சரி, நம்ம விஷயத்துக்கு வருவோம். சுவிட்சர்லாந்துக்கு விசா எடுக்க வேண்டாம். உங்கள் கதைக்கு நான் பரிந்துரைக்கிற இடம் ஜவ்வாது மலை.

நாடுகள் மலைமேல் இருக்கின்றன

கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு துண்டு இது. திருப்பத்தூர், திருவண்ணாமலை, வேலூர் என்று மூன்று மாவட்டங்களில் பரந்து கிடக்கிறது. 2019-ல் வேலூரிலிருந்து திருப்பத்தூர் தனி மாவட்டமாகப் பிரிந்தபோது மேற்குப் பக்க மலைக் கிராமங்கள் அதோடு வந்தன. ஊட்டி மாதிரி உயரம் கிடையாது. உச்சிகளே ஆயிரம் மீட்டரைச் சுற்றித்தான். இன்ஸ்டாவில் அவ்வளவாகச் சிக்காததற்கு அதுவும் ஒரு காரணம். பக்கத்திலேயே ஏலகிரி இருப்பதால் டூரிஸ்ட் கூட்டம் அங்கே ஒதுங்கிவிடுகிறது. நல்லதுதான்.

இங்கே முதல் ஆச்சரியம் பெயர்களில் இருக்கிறது. திருப்பத்தூர் பக்கம் மலையேறினால் நீங்கள் போய்ச் சேருகிற இடங்கள் புதூர்நாடு, நெல்லிவாசல்நாடு, புங்கம்பட்டுநாடு. ஆமாம், நாடுகள்! மலைமேல் இருக்கும் சிற்றூர்கள் சேர்ந்த தொகுதிக்கு 'நாடு' என்று பெயர். ஊருக்கு ஒரு தலைவர், நாட்டுக்கு ஒரு தலைவர், அவர்களுக்கான மரபு, வழக்கு தீர்க்கும் முறை என்று ஒரு பழைய அமைப்பு இருந்து வந்திருக்கிறது. 'ஏழு ராஜ்ஜியங்கள்' என்று நீங்கள் மூளையைக் கசக்கி யோசித்துக்கொண்டிருக்கும்போது, இங்கே டவுன் பஸ் போர்டிலேயே நாடுகளின் பெயர் எழுதி வருகிறது.

அங்கே வாழ்கிறவர்கள் பெரும்பாலும் மலையாளிப் பழங்குடி மக்கள். கேரளாவோடு போட்டுக் குழப்பிக்க வேண்டாம். மலையை ஆளுகிறவர்கள் என்ற பொருளில் வந்த பெயர், பேசுவது தமிழ். தங்கள் முன்னோர் காஞ்சிபுரம் பக்கமிருந்து மலையேறி வந்தவர்கள் என்று ஒரு கதை அவர்களிடம் தலைமுறை தலைமுறையாக வழங்குகிறது. சமவெளியை விட்டு மலைக்குப் போன ஒரு கூட்டம், ஏன் போனது, எதை விட்டுவிட்டுப் போனது? இந்த ஒரு கேள்வியிலேயே மூன்று பாகம் எழுதலாம்.

பழைய கைடு ஒருத்தர் இருக்கார்

ஜவ்வாது மலையில்தான் செய்யாறு பிறக்கிறது. மலையடிவாரத்தில் செங்கம். அதற்குக் கிழக்கே தனியாக எழும்பி நிற்பது பர்வதமலை. கடப்பாறைகளை ஊன்றிச் செய்த படி, சங்கிலி, ஏணி எல்லாம் பிடித்து ஏறவேண்டிய மலை. இந்தச் சுற்றுவட்டாரத்தைப் பற்றி ஒரு முழுநீளப் பாட்டு சங்க இலக்கியத்தில் இருக்கிறது. பத்துப்பாட்டில் ஒன்றான 'மலைபடுகடாம்'. இரணிய முட்டத்துப் பெருங்கௌசிகனார் எழுதியது, 583 அடிகள். செங்கத்தின் பழைய பெயரான செங்கண்மாதான் அதில் வரும் தலைநகரம். சேயாறு அதில் ஓடும். நவிரம் என்று அது சொல்லும் மலையைப் பர்வதமலை என்று அறிஞர்கள் அடையாளம் காண்கிறார்கள். மன்னன் பெயர் நன்னன்.

ஸ்கூலில் இரண்டு மார்க் கேள்வியாகப் பார்த்த பெயர்தானே, அதை ஏன் இங்கே இழுக்கிறேன் என்று கேட்கிறீர்களா? அந்தப் பாட்டின் அமைப்பைக் கொஞ்சம் கேளுங்க. ஒரு கலைஞர் கூட்டம் வறுமையில் வாடிக்கொண்டு, வாத்தியங்களைப் பையில் கட்டி, மரத்தில் கொத்தாகக் காய்த்த பலாக்காய் மாதிரி தூக்கிக்கொண்டு நடக்கிறது. எதிரே இன்னொரு கலைஞன் வருகிறான். நன்னனைப் பார்த்துப் பரிசு வாங்கித் திரும்புகிறவன். அவன் இவர்களை நிறுத்தி வழி சொல்கிறான். அந்த வழி சொல்லல்தான் முழுப் பாட்டும். அதாவது ஒரு குழு, ஒரு தேடல், நடுவில் ஆபத்தான மலை, கடைசியில் ஓர் அரசன். ஃபேன்டசி நாவலின் எலும்புக்கூடு அப்படியே இருக்கிறதா இல்லையா?

ஆனால் பெருங்கௌசிகனார் டிராகன் எதையும் கொண்டுவரவில்லை. அவர் சொல்கிற ஆபத்துகள் எல்லாம் உள்ளூர்ச் சரக்கு. காட்டுப்பன்றி வரும் வழியில் பொறி வைத்திருப்பார்கள், அதனால் இருட்டில் நடக்காதே, விடிந்தபின் கிளம்பு. குழிகளில் பாம்பு மறைந்திருக்கும், கவனித்து, கும்பிட்டுவிட்டு விலகிப் போ. தினைப்புனத்தில் யானையை விரட்டப் பரண்மேலிருந்து கவண்கல் வீசுவார்கள். கிளைகளை முறித்துக்கொண்டு குரங்குகளைச் சிதறடித்துக்கொண்டு அந்தக் கல் எமன் மாதிரி வரும், மரத்துக்குப் பின்னால் மறைந்து மறைந்து போ. சுனைக்கரையில் பாசி வழுக்கும், கீழே முதலை உண்டு, கொடியைப் பிடித்துக்கொண்டு ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு கட.

டோல்கீனின் உருண்டு வந்த கல் ஞாபகம் வருகிறதா? ஒன்று பனி இளகியதால் வந்த கல், இன்னொன்று பயிரைக் காப்பாற்ற எறிந்த கல். என்னைக் கேட்டால் இரண்டாவதில்தான் கதை அதிகம். எறிந்தவனுக்கு உங்கள் மேல் கோபமே கிடையாது, அவன் தன் தினையைக் காப்பாற்றுகிறான். வழிப்போக்கன் நடுவில் மாட்டிக்கொள்கிறான். கெட்டவனே இல்லாமல் ஓர் ஆபத்து!

அடுத்து ஒன்று சொல்கிறார், ஃபேன்டசி எழுதுகிற ஒவ்வொருவரும் குறித்துவைக்க வேண்டியது. அந்த மலையைத் தெரிந்த குறவர்களே திகைத்துப்போகிற இடம் வந்தால், அலைந்து திரியாமல் அகலமான பாறையில் எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து உங்கள் வாத்தியங்களை வாசியுங்கள். சத்தம் கேட்டுக் கானவர் ஓடிவருவார்கள், வழிகாட்டுவார்கள் என்கிறார். ஒரு கலைஞர் கூட்டத்தின் கையில் வாள் கிடையாது, மந்திரக்கோல் கிடையாது. இருப்பது முழவும் யாழும். அந்த உலகத்தில் வேலை செய்கிற 'மேஜிக்' அதுதான், அதுவும் இந்த மலை எதிரொலிக்கிற மலை என்பதால் வேலை செய்கிறது.

வழி பிரிகிற இடத்துக்கும் ஒரு யோசனை உண்டு. புதிதாக வருகிறவர்கள் குழம்பிப்போவார்கள், அதனால் சரியான பாதையைச் சுத்தம் செய்து, புல்லை முடிந்து அடையாளம் வைத்துவிட்டுப் போங்கள் என்கிறார். உங்களுக்காக இல்லை, பின்னால் வருகிற யாரோ ஒருவருக்காக. கூகுள் மேப் இல்லாத காலத்து லொகேஷன் ஷேரிங்!

மலைக்கு ஒரு குரல் இருக்கு

பாட்டுக்கு ஏன் அந்தப் பெயர்? கடாம் என்றால் யானையின் மதநீர். மலையையே ஒரு மதயானையாகப் பாவித்து, அதில் எழும் ஓசைகளை அதன் முழக்கமாக வைத்த தலைப்பு. நடுவில் ஒரு பெரிய பகுதி முழுக்க சத்தங்களின் பட்டியல்தான். அருவியில் விளையாடும் பெண்களின் கூச்சல். குழியில் விழுந்த யானையைப் பழக்குகிறவர்களின் குரல். தேன் எடுத்தவர்களின் கொண்டாட்டம். தின்று மிச்சமான பலாச்சுளைகளிலிருந்து கொட்டையைப் பிரிக்கக் கன்றுக்குட்டிகளை ஓட்டி மிதிக்கவிடும் பிள்ளைகளின் சத்தம். கிளியை விரட்டும் தட்டை ஓசை.

எல்லாம் சந்தோஷச் சத்தமா? இல்லை. புலி பாய்ந்ததில் மார்பில் காயம்பட்டுக் கிடக்கும் கணவனுக்கு, காயம் ஆறவேண்டும் என்று ஒரு பெண் பாடும் பாட்டு அதில் இருக்கிறது. கைப்பிடி நழுவிக் குட்டி மலைப்பிளவில் விழுந்துவிட, தாய்க்குரங்கு தன் கூட்டத்தோடு சேர்ந்து அழும் ஓலம் இருக்கிறது. ஒரு கற்பனை உலகத்தை நம்பவைக்க இரண்டு பக்க வரலாறு எழுதுகிறோமே, இந்தக் குரங்கின் அழுகை ஒன்றே போதாதா?

சாப்பாட்டையும் அவர் விடவில்லை. தினைச்சோறும் நெய்யில் வெந்த இறைச்சியும், மூங்கிலரிசி போட்ட அவரைப் புளிங்கூழ் என்று ஒவ்வொரு நிலத்திலும் என்ன கிடைக்கும் என்று மெனு கார்டே தருகிறார். இன்றைக்கு நீங்கள் ஜவ்வாது மலைக்குப் போனால் வயலில் பார்ப்பது பெரும்பாலும் சாமை. புளி, பலா, தேன், கடுக்காய், நெல்லி எல்லாம் மலையிலிருந்து இறங்கிச் சந்தைக்கு வருபவை. உங்கள் ஹீரோயின் சத்திரத்தில் 'ஸ்டூ' சாப்பிட வேண்டாம். சாமைச்சோறும் புளிக்குழம்பும் போடுங்க. சாமையைக் குத்தி உமி நீக்குவது எவ்வளவு பாடு என்று ஒரு பாட்டியிடம் கேட்டு எழுதினால், அந்த ஒரு பத்திக்காகவே படிக்கிறவர் உங்களை நம்புவார்.

குள்ளர் வீடும், பெயருள்ள நாயும்

ஜமுனாமரத்தூர் பக்கத்து மலைகளில் பெரிய பெரிய பலகைக் கற்களால் கட்டிய பெட்டி மாதிரியான அமைப்புகள் கூட்டம் கூட்டமாக இருக்கின்றன. சுற்றிலும் கற்பலகை, மேலே ஒரு மூடுகல், சிலவற்றில் வட்டமான துளை. ஒரு பெரிய மனிதர் நுழைய முடியாது. ஊர்க்காரர்கள் இவற்றைக் குள்ளர் வீடு என்கிறார்கள், வாலியர் வீடு என்றும் சொல்வதுண்டு. முன்னொரு காலத்தில் குட்டையான மனிதர்கள் இங்கே குடியிருந்தார்கள் என்பது கதை. தமிழ்நாட்டில் இப்படிப்பட்ட இடங்கள் பல ஊர்களில் உண்டு. பாண்டவர் வீடு என்றும் சில இடங்களில் பெயர்.

தொல்லியல் சொல்வது வேறு. இவை கல்திட்டைகள். பெருங்கற்கால மக்கள் இறந்தவர்களுக்காக எழுப்பிய ஈமச்சின்னங்கள். வீடு இல்லை, கல்லறை.

'அப்போ மக்கள் சொல்வது பொய்யா' என்று இதைத் தள்ளிவிடாதீர்கள். எழுதுகிறவருக்கு இங்கே தங்கம் கிடைக்கிறது. கட்டியவர்கள் போய்விட்டார்கள், எதற்குக் கட்டினார்கள் என்ற நினைவும் போய்விட்டது. கல் மட்டும் நிற்கிறது. பல நூறு ஆண்டு கழித்து அங்கே வருகிறவர்கள் அந்தச் சின்ன வாசலைப் பார்த்து, இதற்குள் யார் நுழைய முடியும் என்று நேர்மையாக யோசித்து ஒரு பதில் கண்டுபிடிக்கிறார்கள். டோல்கீனின் குள்ளர்களும் பூமிக்கடியில் கல் குடைந்து வாழ்கிறவர்கள்தான். ஐரோப்பாவின் பழங்கதைகளிலிருந்து அவர்களை எடுத்தார். நம்மிடம் அதற்கு முகவரியோடு வீடே இருக்கிறது.

இனி நடுகல். மலைபடுகடாமிலேயே வழியில் நடுகற்கள் வரும். தோற்று ஓடுவதற்கு வெட்கப்பட்டு நின்று செத்த வீரர்களின் பெயர் பொறித்த கற்கள், அவற்றைக் கடக்கும்போது உங்கள் இசையால் மரியாதை செய்துவிட்டுப் போங்கள் என்பார் கவிஞர். அதே செங்கம் வட்டாரத்தில் பல்லவர் காலத்து நடுகற்கள் நிறையக் கிடைத்தன. தமிழ்நாடு தொல்லியல் துறை இரா.நாகசாமியைப் பதிப்பாசிரியராகக் கொண்டு 1972-ல் 'செங்கம் நடுகற்கள்' என்று தனிப் புத்தகமே போட்டது.

அதில் எனக்கு ரொம்பப் பிடித்தது எடுத்தனூர் கல். 7-ம் நூற்றாண்டின் தொடக்கம், மகேந்திரவர்ம பல்லவனின் 34-வது ஆட்சியாண்டு. கருந்தேவக்கத்தி என்ற வீரன் எருமைகளைக் காக்கும் சண்டையில் இறந்திருக்கிறான். அவன் உருவத்தோடு ஒரு நாயின் உருவமும் செதுக்கப்பட்டிருக்கிறது. கூடவே எழுத்தில் அந்த நாயின் பெயர்: கோவிவன். இரண்டு கள்ளர்களைக் கடித்துவிட்டுத் தன் எஜமானைக் காத்து நின்றது என்று கல்லில் பதிவு. யோசிச்சுப் பாருங்க, சுமார் 1,400 வருஷத்துக்கு முன்னால் ஓர் ஊர், செத்துப்போன மாடு காவல்காரனுக்கும் அவன் நாய்க்கும் உளி எடுத்திருக்கிறது. அந்த மன்னன் எத்தனையோ பட்டப்பெயர்களைத் தனக்கு வெட்டிவைத்துக்கொண்டவன். எனக்குக் கோவிவன் என்ற இந்த ஒரு பெயர்தான் மறக்க மாட்டேன் என்கிறது.

உங்கள் நாவலில் உலகத்தைக் காப்பாற்றும் தேர்ந்தெடுக்கப்பட்ட ஹீரோ இருக்கட்டும். அவன் குதிரைக்கோ நாய்க்கோ ஒரு பெயர் வைத்திருக்கிறீர்களா?

வானத்துக்கும் ஒரு மேப்

ஃபேன்டசி உலகத்துக்கு வானம் முக்கியம். இரண்டு நிலா, சிவப்பு வால்நட்சத்திரம் என்று ஏதாவது வேண்டும். அதற்கும் இந்த மலையில் இடம் இருக்கிறது. திருப்பத்தூர் மாவட்டம் ஆலங்காயத்தைத் தாண்டினால் காவலூர். நகர வெளிச்சம் எட்டாத இருட்டு, பூமத்திய ரேகைக்குப் பக்கமாக இருப்பதால் வடக்கு வானமும் தெற்கு வானமும் பெரும்பகுதி தெரியும் வசதி. இதைப் பார்த்துத்தான் வானியலாளர் வைணு பாப்பு 1960-களில் இந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தார். 1977 மார்ச் 10 அன்று யுரேனஸ் ஒரு நட்சத்திரத்தை மறைத்துக் கடந்தபோது, நட்சத்திரத்தின் ஒளி முன்கூட்டியே விட்டு விட்டு மங்கியதைப் பதிவு செய்த இடங்களில் காவலூரும் ஒன்று. யுரேனஸுக்கு வளையங்கள் இருப்பது அப்படித்தான் தெரியவந்தது. வளையங்களின் பிரபு ஜவ்வாது மலைக்கும் வந்திருக்கிறார்!

இந்தியாவிலேயே வடிவமைத்துக் கட்டிய 2.34 மீட்டர் தொலைநோக்கி 1986-ல் இங்கே திறக்கப்பட்டது. அதற்கு நான்கு வருடம் முன்பே பாப்பு இறந்துவிட்டார். இப்போது அந்த ஆய்வகமும் தொலைநோக்கியும் அவர் பெயரில்தான் இருக்கின்றன. சனிக்கிழமைகளில் பொதுமக்களை அனுமதிப்பது வழக்கம். போவதற்கு முன் நேரத்தை இணையதளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள், மேகம் இருந்தால் மலையேறியும் ஒன்றும் தெரியாது.

ஒரு எச்சரிக்கை: அவங்க உங்க எல்ஃப் இல்லை

இதுவரை சொன்னதெல்லாம் ஜாலி. இனிமேல் சொல்வது கொஞ்சம் கஷ்டமானது.

ஓர் இடத்தைக் கதைக்கு எடுத்துக்கொள்ளும்போது அங்கே வாழ்கிற மனிதர்களையும் சேர்த்து 'மர்ம மக்கள்' ஆக்கிவிடும் பழக்கம் ஃபேன்டசிக்கு உண்டு. மலைவாசி என்றால் ஒன்று மந்திரம் தெரிந்த மூலிகைக் கிழவர், இல்லையென்றால் ஈட்டி எறியும் முரட்டுக் கூட்டம். ஜவ்வாது மலையில் இருப்பவர்கள் ரேஷன் கடைக்கும் பிரசவத்துக்கும் மலைப்பாதையில் நெடுந்தூரம் போகவேண்டியிருக்கிற மனிதர்கள். சாதிச்சான்றுக்கு அலைகிறவர்கள். பிள்ளைகளை விடுதியில் சேர்த்துப் படிக்கவைக்கிறவர்கள். இதே மலையின் மலையாளிப் பழங்குடிப் பெண் ஒருவர், பிரசவமான கையோடு தேர்வெழுதி, சிவில் நீதிபதியாகத் தேர்வானதை 2024-ல் எல்லோரும் ஸ்டேட்டஸ் வைத்தோமே!

ஜவ்வாது மலையும் திருப்பத்தூரும் ஒரு காலத்தில் சந்தன மரத்துக்குப் பேர்போனவை. திருட்டு வெட்டில் அந்த மரம் பெருமளவு போய்விட்டது. வேலை தேடி வெளியே போனவர்களில் சிலரை மரம் வெட்டும் கூலிக்குத் தரகர்கள் ஆந்திரக் காடுகளுக்குக் கூட்டிப்போனார்கள். 2015 ஏப்ரல் 7 அன்று சேஷாசலம் காட்டில் ஆந்திரப் போலீஸார் சுட்டதில் 20 பேர் இறந்தார்கள். செம்மரம் கடத்த வந்தவர்கள் என்றது போலீஸ், போலி என்கவுன்டர் என்றன மனித உரிமை அமைப்புகள். இறந்தவர்களில் பலர் ஜவ்வாது மலையையும் பக்கத்து மலைகளையும் சேர்ந்த ஏழைகள். அன்றைக்கு அவர்களுக்குச் செய்தியில் கிடைத்த ஒரே பெயர் 'கடத்தல்காரர்கள்'.

உங்கள் நாவலில் காட்டுக்கொள்ளையர் கூட்டம் ஒன்று வரும் இல்லையா? ஹீரோ வாளெடுத்ததும் வரிசையாக விழுந்து சாவார்களே, பெயர் கூட இல்லாமல். அந்த அத்தியாயத்தை எழுதும்போது அந்த இருபது பேரை ஒரு நிமிஷம் நினைத்துக்கொள்ளுங்கள். யார் அனுப்பியது, எவ்வளவு கூலி பேசினார்கள், வீட்டில் யார் காத்திருக்கிறார்கள்? எருமை மேய்த்தவனின் நாய்க்கே கல்லில் பெயர் வெட்டிய வட்டாரம் இது.

சரி, எப்படிப் போறது?

திருப்பத்தூரில் இறங்கி புதூர்நாடு பக்கம் ஏறலாம். அல்லது வாணியம்பாடியிலிருந்து ஆலங்காயம், காவலூர் வழியாக ஜமுனாமரத்தூர் போகலாம். பீமன்மடுவு அருவி அங்கிருந்து பக்கம்தான். மழைக்காலம் முடிந்த கையோடு போனால் தண்ணீர் இருக்கும். காப்புக்காட்டுக்குள் வனத்துறை அனுமதி இல்லாமல் நுழையாதீர்கள். கல்திட்டைகளின்மேல் ஏறி போஸ் கொடுக்காதீர்கள், அது யாரோ ஒருவரின் கல்லறை. மனிதர்களைப் படமெடுக்கும்முன் கேளுங்க. கதை கேட்டால் கேட்ட இடத்தில் உட்கார்ந்து முழுசாகக் கேளுங்க, பாதியில் எழுந்து ரீல்ஸ் எடுக்கப் போகாதீங்க.

வந்தபின் அப்படியே எழுதவும் வேண்டாம். மலையின் பெயரை மாற்றுங்க, ஆற்றின் திசையை மாற்றுங்க, மூன்று நாடுகளை ஏழாக்குங்க. ஆனால் எந்தப் பாறை வழுக்கும், எந்த மாசத்தில் தானியம் தீரும், ராத்திரி யார் எதற்காக விழித்திருப்பார்கள் என்பதை மட்டும் மாற்றாதீர்கள்.

முதல் பயிற்சியாக இதைச் செய்யலாம். ஜமுனாமரத்தூரில் பஸ்ஸை விட்டு இறங்கினதும் போனை ஏரோபிளேன் மோடில் போடுங்க. ஏதாவது ஒரு பாறையில் உட்கார்ந்து, கண்ணை மூடிப் பத்து நிமிஷம் கேட்ட சத்தங்களை எல்லாம் வரிசையாக எழுதுங்க. வீட்டுக்கு வந்து பெருங்கௌசிகனாரின் பட்டியலோடு ஒப்பிட்டுப் பாருங்க. யானை இருப்பது சந்தேகம், அந்த இடத்தில் டூவீலர் இருக்கும். குரங்கு கண்டிப்பாக இருக்கும்.